கோட்டைக்குள் இரு குலங்கள்: சுண்டெலி, எலி, பிறப்பு, இடம்

கேள்வி

சுண்டெலிக் குலமும் எலிக் குலமும் ஒரே கோட்டையில் மோதிக்கொள்வது ஆங்கிலச் சிறார் மாயப்புனைவில் நிலைபெற்றுவிட்ட ஒரு கதையமைப்பு. பிரையன் ஜேக்ஸ் 1986இல் வெளியிட்ட ‘ரெட்வால்’ நாவலில், சிவந்த மணற்கல் மதிலுக்குள் ஒரு மடம். அதில் சுண்டெலித் துறவிகள். ஒற்றைக்கண் எலியான குளூனி படையோடு வந்து அந்த மதிலை முற்றுகையிடுகிறான். கேட் டிகாமிலோவின் ‘த டேல் ஆஃப் டெஸ்பரோ’ (2003) நாவலில் முற்றுகை கிடையாது. டோர் என்னும் நாட்டின் அரண்மனைச் சுவர்களுக்குள் சுண்டெலிகள் குடியிருக்கின்றன. அடியில், நிலவறைச் சிறையின் இருட்டில், எலிகள் வாழ்கின்றன. பிரெஞ்சு அசைவூட்டக் கலைஞர் லயனல் கல்லா உருவாக்கி 2018இல் வெளிவந்த ‘கோஸ்ட் ஆஃப் எ டேல்’ என்ற கணினி விளையாட்டு இதைத் தலைகீழாக்குகிறது. அங்கே கோட்டை எலிகளின் கையில் இருக்கிறது. டீலோ என்ற சுண்டெலிப் பாணன் அதன் சிறைக்கைதி.

இத்தகைய படைப்புகளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது, இவை சிறியவர்களின் துணிவைப் போற்றும் கதைகள் என்பது. அது சரியே. ஆனால் அந்தப் பாராட்டு ஒரு கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. எலி ஏன் தீயது? சுண்டெலி ஏன் நல்லது? இரண்டும் கொறிக்கும் பிராணிகள். இரண்டும் மனிதன் சேர்த்துவைத்த தானியத்தை நம்பி அவன் வீட்டுக்குள் நுழைந்தவை. ஒன்றைத் துறவியாகவும் மற்றொன்றைக் கொள்ளையனாகவும் ஆக்குவது எது? பிறப்பா, கோட்டையில் அதற்குக் கிடைத்த இடமா? பிறப்பு என்று ஆசிரியரே கருதும் கதையிலும் இடமே குணத்தை வடிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கான சான்று பெரும்பாலும் அந்தக் கதைகளுக்குள்ளேயே கிடைக்கிறது.

சொல்லில் விழுந்த கோடு

முதலில் சொல்லைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘மௌஸ்’, ‘ராட்’ என்று இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ‘ராட்’ என்றால் துரோகி, காட்டிக்கொடுப்பவன் என்ற பொருளும் அம்மொழியில் ஏறியிருக்கிறது. ‘மௌஸ்’ கூச்சத்தையும் அடக்கத்தையும் குறிக்கும். கதாசிரியர் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே மொழி இரு குலங்களுக்கும் குணச்சான்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. இந்தக் கோடு எல்லா மொழிகளிலும் இல்லை. பழைய லத்தீனில் ‘முஸ்’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறித்தது. எலிக்கான ‘ராட்டுஸ்’ இடைக்காலத்தில் வந்து சேர்ந்தது. சமஸ்கிருதத்தின் ‘மூஷிகம்’ என்ற சொல்லும் இரண்டுக்கும் பொது.

தமிழில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. சுண்டெலி எலியில் ஒரு வகை, அவ்வளவுதான். வயலெலி, வெள்ளெலி என்று இடத்தாலும் நிறத்தாலும் பெயர் பெற்ற மற்றவை அதே வரிசையில் நிற்கின்றன. விலங்கியல்படி கொறிக்கும் இனமே அல்லாத முள்ளெலியையும் அகழெலியையும்கூடத் தமிழ் எலி என்றே அழைக்கிறது. ரெட்வால் மடத்தின் குடிகளை இந்தக் கண்ணோடு எண்ணிப் பார்க்கலாம். சுண்டெலித் துறவிகள், மதுவும் பழச்சாறும் வடிக்கும் முள்ளெலிகள், சுரங்கம் தோண்டும் அகழெலிகள் என எல்லாரும் தமிழில் பெயரளவில் எலிகளே. அவர்களை முற்றுகையிடுபவர்களும் எலிகள். ஆங்கில வாசகருக்கு இரு உலகங்களின் போராகத் தெரிவது, தமிழ்ப் பெயர்களில் பங்காளிச் சண்டையாக மாறிவிடுகிறது. இது மொழிபெயர்ப்பாளருக்குச் சிக்கல்தான். ஆனால் ஆங்கிலச் சொல்லின் மறைவில் இயற்கையான வேறுபாடு போலத் தோன்றிய ஒன்று, உண்மையில் சொல்லின் வேலை என்பதை இந்தச் சிக்கலே காட்டிக்கொடுக்கிறது.

ரெட்வாலின் மதில்

ஜேக்ஸ் (1939–2011) லிவர்பூல் நகரத்துக்காரர். பால் வண்டி ஓட்டியவர். அந்த நகரின் பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்குப் பால் கொண்டுபோனபோது அங்கிருந்த குழந்தைகளுக்காக எழுதத் தொடங்கியதே ‘ரெட்வால்’. பார்க்க முடியாத குழந்தைகளுக்கு மணத்தையும் சுவையையும் ஒலியையும் சொல்ல வேண்டியிருந்ததால்தான் அந்நாவலின் விருந்துகள் அவ்வளவு விரிவாக வருகின்றன. போர்க்காலப் பங்கீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த சிறுவனின் பசியும் அந்த விருந்துகளில் இருப்பதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சை 1940–41இல் தாங்கிய துறைமுக நகரம் லிவர்பூல். கடல் கடந்து வரும் ஒரு படை, அதைத் தடுத்து நிற்கும் ஒரு மதில், உள்ளே பகிர்ந்துண்ணும் ஒரு சமூகம் என்ற கற்பனை அங்கே பிறந்ததில் வியப்பில்லை. இந்தப் பின்னணியை மறந்து ரெட்வாலை இனவெறி நூல் என்று ஒரே அடியாகத் தள்ளிவிடும் வாசிப்பு நியாயமானதல்ல.

ஆயினும் நூல்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும். 22 நாவல்களாக விரிந்த இந்தத் தொடரில் சுண்டெலி, அணில், நீர்நாய், முள்ளெலி, அகழெலி, முயல், பேட்ஜர் ஆகியவை நல்லினங்கள். எலி, ஃபெரட், வீசல், ஸ்டோட், நரி ஆகியவை தீயினங்கள். இவற்றுக்கு மொத்தமாக ‘வெர்மின்’ என்று பெயர். பயிரையும் பண்டத்தையும் பாழாக்குவதால் கொல்லத் தக்க பிராணி என்பது அந்தச் சொல்லின் பொருள். ஒரு குடிமக்கள் கூட்டத்துக்கே இப்படிப் பெயர் வைத்துவிட்டால், போர் தொடங்கும்போது எதிரியைக் கொல்வதற்குத் தனியாக நியாயம் தேட வேண்டியிருப்பதில்லை. குளூனியின் பூர்வீகம் பற்றி முதல் நாவலில் வரும் வதந்திகளும் கவனத்துக்குரியவை. அவன் போர்த்துக்கீசிய எலி என்கிறார்கள் சிலர். பெருங்கடலுக்கு அப்பாலுள்ள காடுகளிலிருந்து வந்தவன் என்கிறார்கள் வேறு சிலர். எங்கிருந்து வந்திருந்தாலும் அவன் இந்த மண்ணுக்குரியவன் அல்லன் என்பதில் வதந்திகள் ஒன்றுபடுகின்றன.

பிறப்புக்கும் வளர்ப்புக்கும் இடையிலான வழக்கை ஜேக்ஸ் நேரடியாகவே இரண்டு நாவல்களில் எடுத்துக்கொண்டார். 1995இல் வந்த ‘அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்’ நாவலில், போர்க்களத்தில் கைவிடப்பட்ட ஃபெரட் குழந்தை ஒன்றை மடத்தில் பிரையனி என்ற சுண்டெலிப் பெண் தாய்போல வளர்க்கிறாள். மடத்து மூத்தோர் அதற்கு ‘வெயில்’ என்று பெயரிடுகிறார்கள். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம்மாற்றினால் தீமை என்றும் இழிவு என்றும் பொருள்படும் இரண்டு சொற்கள் கிடைக்கும். பெயரிட்டவர்கள் அதை அறிந்தே இட்டார்கள். அவன் திருடனாக வளர்ந்து, ஒருவரை நஞ்சிட்டுக் கொல்ல முயன்று, மடத்தை விட்டுத் துரத்தப்படுகிறான். கடைசியில் தன் தந்தை எறிந்த ஈட்டிக்குக் குறுக்கே பாய்ந்து பிரையனியைக் காத்து உயிர்விடுகிறான். அதன் பிறகும், அவன் கெட்டவனாகவே இருந்தான் என்ற முடிவுக்குத்தான் அவனை வளர்த்தவள் வந்து சேர்கிறாள். 2001இல் வந்த ‘டாகரங்’ இதன் மறுபக்கம். நீர்நாய்க் குழந்தை ஒன்றைக் கொள்ளைக் கூட்டம் கடத்திச் சென்று தன் மாவீரனாக வளர்க்கிறது. கொலைத்தொழிலே பாடமாக வளர்ந்தும் அவன் வீணாகக் கொல்ல மறுத்து, மடத்துக்கே திரும்பிவிடுகிறான். இரண்டு நூல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆசிரியரின் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது: மடம் ஃபெரட்டைத் திருத்தாது, கொள்ளைக்கூட்டம் நீர்நாயைக் கெடுக்காது.

ஆனால் தீர்ப்பும் சாட்சியமும் இங்கே ஒத்துப்போகவில்லை. வெயிலுக்கும் மடத்துச் சுண்டெலிக் குழந்தைகளுக்கும் ஒரே வளர்ப்பு கிடைத்திருந்தால்தான் அவன் கெட்டதற்குப் பிறப்பைக் காரணம் காட்ட முடியும். அவனுக்குக் கிடைத்ததோ வேறு வளர்ப்பு. பெயரிலேயே குற்றம் சுமத்தப்பட்டவன் அவன். ஏதாவது காணாமற்போனால் முதலில் அவனைத்தான் சந்தேகிக்கிறார்கள். பிரையனியைத் தவிர ஏறக்குறைய எல்லாரும் அவன் எப்போது கெட்டுப்போவான் என்று காத்திருக்கிறார்கள். பிறப்பு வெல்லும் என்று காட்ட எழுதப்பட்ட கதை, ஒரு குழந்தையின் மீது ஒரு சமூகமே வைக்கும் கண் அக்குழந்தையை என்ன செய்யும் என்பதைத்தான் துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறது. ஒருவர் பிறந்த குடியைக் கொண்டு அவர் குணத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் வழக்கத்தைச் சாதியாக அறிந்திருக்கும் தமிழ் வாசகருக்கு இந்தப் பதிவைப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இயற்கை என்ன சொல்கிறது?

இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு உயிரியலிலிருந்து வருவது. எலிகள் சுண்டெலிகளைக் கொல்வது கற்பனையல்ல. பழுப்பெலிக்கும் சுண்டெலிக்கும் எடையில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கலாம். சுண்டெலி சுமார் 20 கிராம், நன்கு வளர்ந்த பழுப்பெலி 300 கிராமையும் தாண்டும். பிரெஞ்சு ஆய்வாளர் பால் கார்லி, சுண்டெலியைக் கொல்லும் எலிகளின் நடத்தையை ஆராய்ந்து 1956இல் வெளியிட்ட கட்டுரை அத்துறையில் புகழ்பெற்றது. எலியின் வாடை அடிக்கும் இடத்தைச் சுண்டெலி தவிர்க்கும். ஆகவே ஜேக்ஸ் இயற்கையைத்தானே எழுதினார் என்று கேட்கலாம்.

இந்த மறுப்பு பாதி தூரம்தான் வருகிறது. கார்லியின் ஆய்விலேயே எல்லா எலிகளும் கொல்லவில்லை. சில கொன்றன, சில கொல்லவில்லை. இனம் முழுவதற்குமான குணம் என்று அதைச் சொல்ல முடியாது. மறுபுறம், சுண்டெலி பிறவியிலேயே சாது என்பதையும் இயற்கை ஏற்பதில்லை. தென் அட்லாண்டிக்கில் உள்ள கஃப் தீவுக்கு மனிதர்களின் கப்பல்களோடு சுண்டெலிகள் போய்ச் சேர்ந்தன. அங்கே எலிகள் கிடையாது. அத்தீவின் சுண்டெலிகள் கூட்டில் அமர்ந்திருக்கும் ஆல்பட்ராஸ் குஞ்சுகளை, தங்கள் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேலானவற்றை, இரவிரவாகக் கடித்து உயிரோடு தின்கின்றன. அருகிவரும் பறவையினங்களுக்கு அவை இன்று பேராபத்து. வீட்டு மூலையில் நடுங்கும் சுண்டெலியும் இதுவும் ஒரே இனம். மாறியது இடம்.

எலியின் பக்கத்துச் சான்று இதைவிட வியப்பானது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இன்பல் பென்-அமி பார்டாலும் உடனாய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், குழாய் ஒன்றில் அடைபட்ட கூட்டாளியை எலிகள் கதவு திறந்து விடுவித்தன. பக்கத்தில் சாக்லேட் இருந்தபோதும் விடுவித்தன. பல நேரங்களில் அதைப் பகிர்ந்தும் கொண்டன. அதே குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்வியை நேரடியாகத் தொடுகிறது. பிறந்தது முதல் வேறு வகை எலிகளோடு வளர்க்கப்பட்ட எலிகள், தங்களை வளர்த்த வகையைச் சேர்ந்த அந்நிய எலிகளை விடுவித்தன. தங்கள் சொந்த வகையைச் சேர்ந்த அந்நிய எலிகளை விடுவிக்கவில்லை. யார் தம்மவர் என்பதைத் தீர்மானித்தது பிறந்த குருதி அல்ல, உடன் வளர்ந்த கூட்டம். இந்த எலிகள் ஆய்வகத்து வெள்ளை எலிகளும் கறுப்புத்தலை எலிகளும்தான். ஃபெரட்டும் சுண்டெலியும் அல்ல. அந்த வரம்பைக் கருத்தில் கொண்டே பேச வேண்டும். ஆனாலும் வெயிலின் கதையையும் டாகரங்கின் கதையையும் இயற்கையின் பெயரால் காக்க முனைபவர், இந்த ஆய்வுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

எலி மீதான அச்சத்துக்குக் கொள்ளைநோயைக் காரணம் காட்டுவதும் உண்டு. அலெக்சாந்தர் யெர்சின் பிளேக் கிருமியை ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894இல். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக நோய் மனிதனுக்குத் தாவுகிறது என்று பால்-லூயி சைமண்ட் கராச்சியில் காட்டியது 1898இல். எலி இலக்கியத்தில் இழிவுபட்டது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே. நோயறிவு பழைய வெறுப்புக்குப் புதிய ஆதாரம் தந்தது, வெறுப்பைப் பிறப்பிக்கவில்லை. அரசியலும் இதில் கலந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பழுப்பெலி பிரிட்டனுக்கு வந்து அங்கிருந்த கறுப்பெலியை விரட்டியபோது, ஜெர்மனியிலிருந்து வந்து அரியணை ஏறிய அரச வம்சத்தை வெறுத்தவர்கள் அதற்கு ஹனோவர் எலி என்று பெயர் சூட்டினார்கள். 1769இல் விலங்கியல் அதற்கு நார்வேயின் பெயரைக் கொடுத்தது. அது நார்வேயிலிருந்து வந்ததல்ல. வந்தேறி எலி என்ற உருவம் குளூனிக்கு இருநூறாண்டு மூத்தது. அதே உருவத்தை 1940இல் நாஜிகள் ‘நித்திய யூதன்’ என்ற பிரச்சாரப் படத்தில் யூத மக்கள் மீது ஏவினார்கள். ‘ரெட்வால்’ வந்த அதே 1986இல், ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ படக்கதையின் முதல் தொகுதி யூதர்களைச் சுண்டெலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து அந்த அவதூறைத் திருப்பி எடுத்துக்கொண்டது. ஜேக்ஸின் நோக்கத்தோடு நாஜிகளின் நோக்கத்தை இணைப்பது பெரும் அநீதி. உருவத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதைக் கையாள்பவர் அறியாவிட்டாலும் அது கூடவே வரும் என்பதே இங்கு சொல்லவருவது.

டோர் அரண்மனையின் நிலவறை

டிகாமிலோவின் நாவல் 2004இல் நியூபெரி விருது பெற்றது. ‘ரெட்வால்’ போலவே இதுவும் சுண்டெலியை நாயகனாகவும் எலியைப் பகைவனாகவும் நிறுத்தித்தான் தொடங்குகிறது. ஆனால் சீக்கிரமே கேள்வி வேறு இடத்துக்கு நகர்கிறது. டெஸ்பரோ பெரிய காதுகளோடும் திறந்த கண்களோடும் பிறந்தவன். புத்தகத்தைத் தின்ன வேண்டிய இடத்தில் படிக்கிறான், இசை கேட்டு மயங்குகிறான், இளவரசியோடு பேசிவிடுகிறான். மனிதரோடு பேசியது சுண்டெலி மரபுக்கு எதிரான குற்றம். சுண்டெலி மன்றம் கூடி, கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, எலிகளுக்கு இரையாக அவனை நிலவறைக்கு அனுப்புகிறது. அவனைக் காட்டிக்கொடுத்தது அவன் தந்தை. நிலவறை வாயிலுக்கு இட்டுச்சென்றவர்களில் ஒருவன் அவன் அண்ணன். கொடுமை இங்கே எலிகளிடம் தொடங்கவில்லை. மேலே, வெளிச்சத்தில், முறைப்படி கூடிய சுண்டெலிகளின் சபையில் தொடங்குகிறது. எலிகள் கொல்வதால்தான் அந்தச் சபையின் கைகள் சுத்தமாக இருக்கின்றன. நிலவறையில் எலிகள் இல்லாவிட்டால் சுண்டெலிகளின் ஒழுங்கைக் காப்பது யார்? மேல்தளத்தின் நற்பெயர் கீழ்த்தளத்தின் கெட்ட பெயரை நம்பி நிற்கிறது என்பதைச் சிறார் கதை ஒன்று இவ்வளவு தெளிவாகக் காட்டியிருப்பது அரிது.

எலியான கியாரோஸ்கூரோவின் கதை இன்னும் ஆழமானது. சிறைக்காவலன் உரசிய தீக்குச்சியின் வெளிச்சத்தைக் குட்டியாக இருந்தபோது பார்த்தது முதல் அவனுக்கு ஒளியின் மீது தீராத ஏக்கம். ஒருநாள் மேலே ஏறி, விருந்து மண்டபத்தின் சரவிளக்கில் தொங்கி, கீழே நடக்கும் கொண்டாட்டத்தைக் கண்டு களிக்கிறான். அப்போது இளவரசியின் கண் அவன்மேல் படுகிறது. எலி என்று கத்துகிறாள். அந்தச் சொல் எவ்வளவு அருவருப்பானது என்பதை அவன் முதன்முதலாக உணர்வது அங்கேதான். கைதவறி அரசியின் சூப்புக் கிண்ணத்துக்குள் விழுகிறான். அதிர்ச்சியில் அரசி இறந்துபோகிறாள். மன்னன் நாடெங்கும் சூப்பைத் தடைசெய்து, எலிகளைக் கொல்ல ஆணையிடுகிறான். ஒளியைத் தேடி வந்தவன் பழிவாங்கும் எண்ணத்தோடு இருட்டுக்குத் திரும்புகிறான். முன்னே சொன்ன சொல்லின் வேலை இங்கே ஒரு காட்சியாகவே நடந்துவிடுகிறது: பெயர் சொல்லி அழைத்ததற்குப் பிறகுதான் அவன் அந்தப் பெயருக்குரியவனாக மாறுகிறான்.

இந்த நாவலை 2008இல் திரைப்படமாக்கியவர்கள் செய்த ஒரு மாற்றத்தைச் சான்றாகவே கொள்ளலாம். படத்தில் கியாரோஸ்கூரோ நிலவறையில் பிறந்தவன் அல்லன். கப்பலேறி வெளியூரிலிருந்து வந்த, ஏற்கெனவே நல்லவனான எலி. நிலவறையில் பிறந்த எலி ஒன்று ஒளியை விரும்பக்கூடும் என்பதைத் திரைக்கதை ஏற்கத் தயங்கியது போலத் தெரிகிறது. நல்ல எலி வேண்டுமென்றால் அதற்கு வேறு பிறப்பிடம் தேவைப்பட்டிருக்கிறது. நாவல் அரும்பாடுபட்டுக் கைவிட்ட பிறப்புக் கொள்கை இப்படிப் பின்வாசல் வழியாகத் திரும்பிவந்தது. படத்தில் இழக்கப்பட்டவற்றுள் பெரிய இழப்பு இதுவே.

களஞ்சியத்தின் கணக்கு

இடம் என்று இதுவரை சொல்லிவந்ததைச் சற்றுக் குறுக்கிச் சொல்லலாம். கோட்டையில் இடம் என்றால், முதலில் களஞ்சியத்துக்கு எவ்வளவு அருகில் என்பது. ஹாஃப்மன் 1816இல் எழுதிய ‘நட்கிராக்கரும் சுண்டெலி மன்னனும்’ கதையில் சுண்டெலிகள்தான் பகைவர்கள். இது ஒன்றே, சுண்டெலியின் நற்குணம் எக்காலத்துக்கும் உரியதன்று என்று காட்டப் போதும். அதற்குள் வரும் கிளைக்கதை இன்னும் பொருத்தமானது. அரண்மனை அடுப்புக்கு அடியில் குடியிருக்கும் சுண்டெலி அரசி, தான் மன்னனுக்கு உறவு என்றும் தானும் ஒரு நாட்டை ஆள்பவள் என்றும் சொல்லி, தொத்திறைச்சிக்கான கொழுப்பில் பங்கு கேட்கிறாள். பங்கு கிடைக்கிறது, பின்னாலேயே அவள் சுற்றம் முழுவதும் வந்து மிச்சத்தையும் தின்றுவிடுகிறது. விருந்தில் கொழுப்புக் குறைந்ததற்காக மன்னன் பொறிகள் வைத்து அவள் மக்களைக் கொல்லச் செய்கிறான். அதற்கான பழிவாங்கலே பின்வரும் பகை முழுவதும். ஒரே கூரையின் கீழ் இரண்டு அரசுகள், சண்டை கொழுப்புக்காக. பரம்பரைப் பகை என்று பிறகு பெயர் பெறுவது, பங்கீட்டுத் தகராறாகத்தான் தொடங்கியது.

நம் பஞ்சதந்திரத்தின் சுகிர்லாபத்தில் வரும் இரணியகன் என்னும் எலி இதையே வேறு வழியில் சொல்கிறது. அது பல வாயில்கள் கொண்ட வளையைக் கோட்டைபோல அமைத்து வாழும் அரசியல் அறிஞன். முன்பு ஒரு துறவியின் இடத்தில் குடியிருந்தபோது, எவ்வளவு உயரத்தில் தொங்கவிட்ட பிச்சைப் பாத்திரத்தையும் தாவிப் பிடித்துவிடும். அந்த வலிமை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தவர்கள் அதன் வளையைத் தோண்டிப் புதையலை எடுத்துவிடுகிறார்கள். அன்றோடு தாவும் திறன் போகிறது. பின்தொடர்ந்த எலிக்கூட்டமும் கைவிட்டுப் போகிறது. வீரமும் தலைமையும் உடம்பிலோ குலத்திலோ இருக்கவில்லை. காலடியில் இருந்த சேமிப்பில் இருந்தன. ரெட்வால் மடத்தாரின் பெருந்தன்மையையும் இந்தக் கண்ணால் பார்க்கத் தோன்றுகிறது. அவர்களின் விருந்துகள் தொடர் முழுவதும் வருகின்றன. மதிலுக்கு வெளியே இருப்பவர்களின் பசி கொள்ளையாசையாக மட்டுமே வருகிறது. பழத்தோட்டமும் குளமும் நிலவறைக் குதிர்களும் உள்ளவர்கள் பகிர்ந்துண்பது நல்ல செயல்தான். அதைக் குலத்தின் குணமாக எழுதிவைப்பது வேறு காரியம்.

‘கோஸ்ட் ஆஃப் எ டேல்’ இதே கணக்கை விளையாட்டின் விதியாகவே வைத்திருக்கிறது. டீலோ காவல் எலியின் கவசத்தைத் தேடியெடுத்து அணிந்துகொண்டால், அதுவரை துரத்திய காவலர்கள் அவனைத் தம்மில் ஒருவனாக ஏற்றுப் பேசத் தொடங்குகிறார்கள். கோட்டைக்குள் பகைவன் யார் என்பதை உடை முடிவு செய்கிறது.

மறுப்புகள்

குழந்தைகளுக்கு நன்மையும் தீமையும் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும், சாம்பல் நிறம் பிறகு வரட்டும் என்பது முதல் மறுப்பு. ஜேக்ஸும் நல்லவர் நல்லவராகவும் கெட்டவர் கெட்டவராகவும் இருக்கும் கதையையே விரும்பியவர். இக்கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் நன்மை தீமைகளைச் செயலால் பிரித்துக் காட்டுவதற்கும் இனத்தால் பிரித்துக் காட்டுவதற்கும் உள்ள தொலைவு பெரிது. ராபர்ட் ஓ’பிரையன் 1971இல் எழுதிய நாவலில், பிள்ளையின் உயிரைக் காக்க உதவி தேடும் விதவைச் சுண்டெலி ஒன்று கற்றறிந்த எலிகளின் குடியிருப்புக்கு அஞ்சியஞ்சிச் செல்கிறது, எலிகள் உதவுகின்றன. அந்த எலிகளுக்குள்ளேயே, திருடி வாழ்வதா உழுது வாழ்வதா என்று பிளவு ஏற்படுகிறது. எது சரி என்பதில் அந்நாவலைப் படிக்கும் குழந்தைக்குக் குழப்பமே வராது. அதுவும் நியூபெரி விருது பெற்ற நூல். ‘ரெட்வால்’ வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முந்தையது.

இரண்டாவது மறுப்பு, ரெட்வாலிலும் விதிவிலக்குகள் உண்டு என்பது. உண்மைதான். ‘பெல்மேக்கர்’ (1994) நாவலில் பிளாகட் என்ற கடல் எலி, மடத்தாரில் ஒருவரைக் கொன்ற தன் தலைவனைத் தானே தண்டித்து, திருந்தி வாழ்கிறது. ‘பேர்ல்ஸ் ஆஃப் லூத்ரா’ (1996) நாவலில் ரோம்ஸ்கா என்ற ஃபெரட் சிறைப்பட்ட மடத்தலைவரைக் காத்துச் சாகிறது. தொடரின் மிக உயிர்ப்புள்ள பாத்திரங்களில் இவையும் அடங்கும். ஆனால் இவை விதிவிலக்காகப் பாராட்டப்படுகின்றனவே தவிர, விதியைக் கேள்வி கேட்க அழைக்கப்படுவதில்லை. நல்ல சுண்டெலியை யாரும் தன் இனத்தை மீறி நல்லதாக இருக்கிறது என்று வியப்பதில்லை. அந்த வியப்பு எலிக்கு மட்டும் காத்திருக்கிறது.

விலங்குக் கதையை மனிதர் மீது ஏற்றிப் படிப்பது மிகைவாசிப்பு என்பது மூன்றாவது. எகிப்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்டு இன்று டூரின் அருங்காட்சியகத்தில் உள்ள பாப்பிரஸ் ஓவியத்தில், எலி அரசன் தேரேறிப் பூனைகளின் கோட்டையைத் தாக்குகிறான். அது பாரோக்கள் தங்கள் வெற்றியைக் கோயில் சுவர்களில் செதுக்கிய முறையின் எதிரொலி என்பதை எகிப்தியவியலாளர்கள் ஏற்கிறார்கள். கோட்டையும் குலமும் படையும் கொடியும் விலங்குக்கு இல்லை. அவற்றை விலங்குக்குக் கொடுத்த நொடியிலேயே கதை மனிதரைப் பற்றியதாகிவிடுகிறது.

டிகாமிலோவின் முடிவு இந்த வழக்கில் அடக்கமானது. இளவரசி கியாரோஸ்கூரோவை மன்னித்து மேலே அழைத்துச்சென்று சூப்புக் கொடுக்கிறாள். அவன் அதன்பின் ஒளிக்கும் முழுதாக உரியவன் ஆவதில்லை, இருட்டுக்கும் ஆவதில்லை. மாடிக்கும் நிலவறைக்கும் இடையே ஏறி இறங்கும் உரிமை மட்டும் அவனுக்குக் கிடைக்கிறது. குணத்தை மாற்றும் மந்திரம் எதுவும் அங்கே நிகழவில்லை. ஒரு கதவு திறக்கப்பட்டது.

இத்தகைய நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவருவோருக்கு ஒரு வேண்டுகோள். ‘ராட்’ என்பதற்காக இழிவு தொனிக்கும் புதுச்சொல் ஒன்றைத் தமிழில் உண்டாக்க வேண்டாம். ‘வெர்மின்’ என்பதற்கு ஈடாக ஒரு குலப்பெயரையும் தேட வேண்டாம். சுண்டெலியையும் எலியையும் தமிழ் வைத்திருக்கும் முறையிலேயே, ஒரே பெயரின் கீழ் விட்டுவிடுங்கள்.